தலைவிதியும் சாலைவிதியும்

1975ஆம் ஆண்டு, மே திங்கள் 27ஆம் நாள். இங்கிலாந்து நாட்டின் வடபால், யார்க்‌ஷயர் மலைப்புறம். தார்னபி என்னும் ஊரிலிருந்து முதிய மாதர் பலரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் உல்லாசப் பயணம் வருகிறது. ஒரு நாள் மகிழ்ச்சியை நாடிப் புறப்பட்டவர்கள். குன்றும் ஓடையும் கண்டு களித்து, இரவுக்குள் இல்லம் திரும்பலாம் என்று எண்ணியவர்கள். டிபிள்ஸ் பாலத்தை நோக்கிச் செங்குத்தான சரிவிலே வண்டி இறங்குகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். வண்டி நிற்கவில்லை. வேகம் கூடுகிறது. பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தகர்த்துக்கொண்டு, கீழேயிருந்த வீட்டுத் தோட்டத்திலே தலைகீழாக வீழ்கிறது. மாண்டவர் 33 பேர். பிரிட்டனின் சாலை வரலாற்றிலே, ஒரே விபத்து இத்தனை உயிரைக் குடித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதே பாலத்தருகே 1925ஆம் ஆண்டிலும் ஒரு பயணவண்டி விபத்துக்குள்ளாகி ஏழு பேர் மாண்டிருந்தனர். ஐம்பது ஆண்டு இடைவெளி. அதே பாலம், அதே சரிவு, அதே சாவு. கேட்போர் என்ன சொல்வர்? "எல்லாம் விதி!" என்று பெருமூச்செறிவோர் எந்த நாட்டிலும் உண்டு. ஆனால் 1975இலே வீழ்ந்த அந்த வண்டியை ஆராய்ந்தோர் கண்டது விதியை அன்று, பழுதுற்ற பிரேக்கை. விண்ணிலே எவரோ எழுதிவைத்த எழுத்தினால் மாண்டவரல்லர் அந்த மாதர். மண்ணிலே எவரோ பார்க்கத் தவறிய பழுதினால் மாண்டவர்கள்.

விதி என்ற சொல்லுக்கு நம் மொழியிலே இரண்டு பொருள் வழங்குகிறது. ஒன்று தலைவிதி. எழுதியவன் எவன் என்று தெரியாது; எழுதியது என்ன என்று படிக்க முடியாது; திருத்தச் சொல்லி வழக்குரைக்கவும் இயலாது. மற்றொன்று, மனிதர் கூடி வகுக்கும் விதி. அது ஏட்டிலே இருக்கிறது. படிக்கலாம், கேள்வி கேட்கலாம், பிழையிருப்பின் திருத்தலாம். முன்னது அடக்கி வைப்பது. பின்னது அறிவின் துணைகொண்டு வாழவைப்பது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது, தோழர்களே. மனிதர் வகுத்த விதியையும் மக்கள் கண்ணிற் படாமல் பூட்டி வைத்துவிட்டால், அதுவும் தலைவிதியாகிவிடுகிறது! எழுதியவன் எங்கோ இருக்கிறான். எழுதியது என்னவென்று நமக்குத் தெரியாது. தண்டனை மட்டும் வந்து சேருகிறது.

பூட்டு என்றவுடன் இரும்புப் பூட்டை மட்டும் எண்ணிக்கொள்ளக் கூடாது. ஏட்டைப் பூட்டப் பல வகை உண்டு. புரியாத மொழியிலே எழுதுவது ஒரு பூட்டு. எளியவர் கைக்கு எட்டாத விலை மற்றொரு பூட்டு. எங்கோ ஓர் அலமாரியிலே கிடத்திவிடுவது மூன்றாவது பூட்டு. மாறிப்போன விதியை மாற்றாமல், பழைய பக்கத்தையே கையிலே கொடுத்து வைப்பது நான்காவது பூட்டு. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வாளருக்கென வகுக்கப்பட்ட நெறிநூல், இந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு எவ்வாறு வெளியே வந்தது என்ற வரலாற்றைப் பிரிட்டன் நாட்டிலே காண்கிறோம். பட்டறைப் பேச்சுத்தானே என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். உயிரைக் காக்கும் அளவுகோல் எவர் கையிலே இருப்பது என்பதுதான் இதில் அடங்கிய கேள்வி.

முதற் பூட்டு மொழிப் பூட்டு. அதன் கதை மிகப் பழையது. இங்கிலாந்தின் வழக்குமன்றங்களிலே ஒரு காலத்தில் பிரெஞ்சு மொழிதான் கோலோச்சியது. ஏர் பிடித்த உழவன் ஆங்கிலத்திலே அழுவான். அவனுக்காக வழக்காடுவோர் பிரெஞ்சிலே பேசுவர். தீர்ப்போ இலத்தீனிலே பதிவாகும்! தன் நிலம் போயிற்றா இருக்கிறதா என்பதைக்கூட மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். 1362ஆம் ஆண்டிலே, இனி வழக்குரை ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும் என்று ஒரு சட்டம் பிறந்தது. மக்கள் மொழிக்கு இடமளித்த அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது என்பது வரலாறு செய்த கேலி. மன்றப் பதிவேடுகளிலிருந்து இலத்தீன் அகல்வதற்கு 1733ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு பூட்டைத் திறக்க ஏறத்தாழ நானூறு ஆண்டுகள்!

அதன்பின் வந்தது இயந்திரக் காலம். நீராவி வண்டி சாலைக்கு வந்தது. அச்சம் கொண்ட ஆட்சியாளர் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், நாட்டுப்புறத்திலே மணிக்கு 4 மைல், நகரத்திலே 2 மைல் என்று வேகத்தைக் கட்டினர். வண்டிக்கு முன்னே ஓர் ஆள் செங்கொடி பிடித்து நடக்க வேண்டும் என்றனர். 1896இல் அந்தக் கட்டு தளர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள், இலண்டன் மாநகரின் கிரிஸ்டல் பாலஸ் பூங்காவிலே பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற மாது மோட்டார் வண்டி மோதி மாண்டார். அந்த நாட்டிலே மோட்டாருக்குப் பலியான முதற் பாதசாரி அவர். இப்படியொன்று இனி நடக்கக் கூடாது என்ற விருப்பத்தைச் சாவு விசாரணை நடத்திய அதிகாரி வெளியிட்டார். விருப்பம் நல்ல விருப்பந்தான். ஆனால் விருப்பம் வண்டியை நிறுத்துமா? பிரேக்குதானே நிறுத்த வேண்டும்!

1903இலே வண்டிகளுக்குப் பதிவெண் வந்தது. ஓட்டுவோருக்கு உரிமச் சீட்டு வந்தது. 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிறர்க்கு நேரும் இழப்புக்காகக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கார்களுக்கிருந்த வேக வரம்பையோ அறவே நீக்கியது. அந்த நாளிலே பிரிட்டனில் இருந்த மோட்டார் வண்டிகள் 23 இலட்சம். ஆண்டுதோறும் சாலையிலே மாண்டவர்களோ 7,000 பேருக்கு மேல். இன்று வண்டிகள் நான்கு கோடியைத் தாண்டிவிட்டன. 2023ஆம் ஆண்டிலே மாண்டவர் தொகை 1,624. வண்டி பெருகினால் சாவும் பெருகியே தீரும் என்பது உண்மையானால் இந்தக் கணக்கு எப்படி வந்தது? நல்ல சாலை, இருக்கை வார், குடிபோதைக்கு எதிரான சட்டம், மேம்பட்ட மருத்துவம் என்று காரணம் பல. எல்லாக் காரணங்களுக்கும் அடியிலே இருப்பது ஒன்றே: "நடப்பது நடக்கும்" என்று கைகட்டி நில்லாமல், "ஏன் நடந்தது?" என்று கேட்ட மனப்பான்மை.

இரண்டாவது பூட்டாகிய விலைப் பூட்டின் மீது முதல் அடி விழுந்தது 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள். போக்குவரத்து அமைச்சராக ஹெர்பர்ட் மாரிசன் வீற்றிருந்த காலம். ‘நெடுஞ்சாலை நெறி’ என்ற சிறு ஏடு வெளியாயிற்று. விலை ஒரு பென்னி. ஏழைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை. கையசைத்துச் சைகை காட்டுவது எப்படி, வழிவிடுவது எப்படி என்றெல்லாம் எளிய நடையிலே சொன்னது அந்த ஏடு. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைப் பற்றி முதற் பதிப்பிலே ஒரு சொல்லும் இல்லை. குறை உள்ள ஏடுதான். ஆனாலும் ஊரறிய வெளிவந்த ஏடு. ஆகவே குறையும் ஊரறியத் தெரிந்தது. பதிப்புக்குப் பதிப்பு திருத்தமும் வந்தது. திறந்த ஏட்டின் சிறப்பு அதுதான். பிழை இல்லாதது என்பதால் அன்று, பிழை மறையாதது என்பதால் அது சிறப்புடையது.

ஓட்டுகிறவனுக்கு ஏடு வந்துவிட்டது. ஓடுகிற வண்டிக்கு? ஓட்டுநர் எத்துணைத் திறமையாளராயினும், தேய்ந்த பிரேக்கு அவர் திறமையை மதிக்குமோ? 1959 நவம்பரில் எம்-1 என்னும் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. புதிய சாலை, எல்லையற்ற வேகம். ஆனால் அதிலே ஓடியவற்றில் பழைய வண்டிகளும் பல. சட்டம் செய்யும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் 1956ஆம் ஆண்டிலேயே அளித்திருந்தது. எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராயிருந்தபோது, 1960 செப்டம்பர் 12ஆம் நாள் வண்டிச் சோதனை தொடங்கிற்று. பத்தாண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டுமே சோதனை; பார்க்கப்பட்டவை பிரேக்கு, ஸ்டியரிங், விளக்கு ஆகிய மூன்றே. அமைச்சகத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எம்.ஓ.டி.’ என்று மக்கள் அதனை அழைத்தனர். அமைச்சகத்தின் பெயர் பின்னாளில் மாறிப்போயிற்று. சோதனையின் பெயர் மாறவில்லை.

சோதனை தொடங்கியவுடன் திடுக்கிடும் உண்மை வெளியாயிற்று. வந்த வண்டிகளிலே தவறியவை ஏராளம்! நேற்றுவரை "என் வண்டிக்கு என்ன குறை?" என்று மார்தட்டியவர்கள் வாயடைத்து நின்றனர். ஆகவே 1961 இறுதியிலே பத்தாண்டு என்பது ஏழாண்டாயிற்று; 1967இலே மூன்றாண்டாயிற்று. 1968இலே டயர் சேர்ந்தது. 1977இலே கண்ணாடி துடைப்பான், திருப்புவிளக்கு, ஒலிப்பான், புகைக்குழாய், வண்டியின் உடற்கூடு ஆகியவை சேர்ந்தன. 1991இலே புகையின் அளவும் சேர்ந்தது. மூன்றே பொருளைப் பார்த்த சோதனை, ஒரு பெரும் நூலாக விரிந்தது.

இந்தச் சோதனையை நடத்துவோர் எவர்? இங்கேதான் வரலாறு சுவை பெறுகிறது. கார்களைச் சோதிப்பவர், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஸ்காட்லாந்திலும், பெரும்பாலும் அரசு ஊழியரல்லர். உரிமம் பெற்ற தனியார் பட்டறைக்காரர். அத்தகைய சோதனை நிலையங்கள் இருபதாயிரத்துக்கு மேல். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூன்று கோடிச் சோதனைகள் நடைபெறுகின்றன. "உன் வண்டி தவறியது" என்று தீர்ப்பளிப்பதும் பட்டறை. "தா, பழுதுபார்த்துத் தருகிறேன்" என்று கூலி வாங்குவதும் அதே பட்டறையாக இருக்கலாம். தீர்ப்பளிப்பவனுக்கே தண்டத்தொகை வருமானம்! பெரும்பாலோர் நேர்மையாளரே. ஆயினும், நேர்மையைத் தனிமனிதனின் நெஞ்சிலே மட்டும் வைத்துவிட்டு நாடு நிம்மதியாக உறங்கலாமா?

வேறு வழி கண்ட நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் மன்ஹைம் நகரிலே 1865இல் மது வடிக்கும் ஆலையொன்றின் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே, கொதிகலன்களைச் சோதிப்பதற்கென்று ஒரு சங்கம் அந்நகரிலே தோன்றிற்று. பழுதுபார்க்கும் வாணிபத்தோடு உறவில்லாத அத்தகைய சங்கங்களின் வழிவந்த அமைப்புகள் இன்று அங்கே வண்டிகளையும் சோதிக்கின்றன. வட அயர்லாந்திலே அரசாங்க நிலையங்களே சோதிக்கின்றன. பிரிட்டன் தேர்ந்ததோ பட்டறை வழி. ஊருக்கு ஊர் நிலையம் உண்டு, அலைச்சல் இல்லை என்பது அதன் நன்மை. அந்த நன்மையை நாடு ஏற்றுக்கொண்டபோது, கூடவே ஒரு கடமையையும் ஏற்றுக்கொண்டது. அளக்கிறவன் தன் அளவுகோலைத் தானே செய்துகொள்ளலாகாது. அவன் எதைக்கொண்டு அளக்கிறான் என்பது அளக்கப்படுகிறவனுக்கும் தெரிய வேண்டும். சந்தையிலே தராசைக் கண்ணெதிரே பிடிக்கச் சொல்லுகிறோமே, அதே நீதிதான்.

நெறிநூலிலே என்னதான் இருக்கிறது? சில அளவுகளைப் பாருங்கள். 2010 செப்டம்பர் முதல் நாளுக்கு முன் ஓடத் தொடங்கிய கார் என்றால், பிரேக்கின் ஆற்றல் நூற்றுக்கு 50 இருந்தால் போதும். அந்த நாளிலோ அதன் பின்னோ ஓடத் தொடங்கியது என்றால் 58 வேண்டும். ஒரு நாள் வேறுபாடு, தீர்ப்பே மாறுகிறது! டயரின் பள்ளம், அகலத்தின் நடு முக்காற் பகுதியிலே, சுற்றளவு முழுவதும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 1992 முதல் இந்த அளவு. முகப்புக் கண்ணாடியிலே, ஓட்டுநரின் பார்வைக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதியில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சேதம் இருந்தால் தவறு. துடைப்பான் துடைக்கும் மற்ற இடத்தில் 40 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். துரு எங்கும் உண்டு; ஆனால் ஸ்டியரிங், இருக்கை வார் போன்றவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உடற்கூட்டை அரித்து வலுவிழக்கச் செய்தால் வண்டி தேறாது.

இவற்றையெல்லாம் ஒருவர் நெட்டுருப் போட்டு நினைவிலே வைத்திருக்க முடியுமா? முடியும் என்பவர் இருக்கலாம். ஆனால் நினைவு என்பது நம்பத்தகாத சாட்சி. சென்ற ஆண்டு படித்த எண்ணை இந்த ஆண்டு மாற்றிவிட்டால், நினைவு பழையதையே ஓதும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு சோதிப்பவர் இரண்டு வகையிலே தீங்கு செய்கிறார். தேற வேண்டிய வண்டியைத் தவறச் செய்து ஓர் ஏழையின் கூலியைப் பறிக்கிறார். அல்லது தவற வேண்டிய வண்டியைத் தேறச் செய்து எவரோ ஒருவரின் உயிரைப் பறிக்கிறார். இரண்டும் அறியாமற் செய்யும் கொடுமை. அறியாமைக்கு மருந்து, அறிவு கைக்கெட்டும் தொலைவிலே இருப்பது.

பட்டறையின் நடைமுறையை எண்ணிப் பாருங்கள். வண்டி உயர்த்திமேல் நிற்கிறது. கீழே நிற்பவரின் கையெல்லாம் எண்ணெய். ஓர் ஐயம் எழுகிறது. தாளிலே அச்சிட்ட பெருநூல் அலுவலறையின் அலமாரியிலே இருக்கிறது. அரசு அச்சகம் வெளியிட்ட நூல்தான்; மறைநூல் அன்று. ஆனாலும் அதை எடுக்கக் கை கழுவ வேண்டும், போக வேண்டும், பக்கம் தேட வேண்டும். தேடிக் கண்ட பக்கம் பழைய பக்கமா, மாற்றம் வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே அடுத்த வண்டிக்காரர் பொறுமையிழந்து நிற்கிறார். என்ன செய்வார் மனிதர்? "எனக்குத் தெரியாததா!" என்று சொல்லிக்கொண்டு வேலையை முடித்துவிடுவார். நூல் இருந்தும் இல்லாத நிலை அது. வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ, அப்படியொரு நூல் உண்டு என்பதே தெரியாது. மெக்கானிக் சொன்னதே சட்டம். அதை ஏற்றுக்கொள்வதே அவர் தலைவிதி!

நிலைமை படிப்படியாக மாறிற்று. 2005, 2006ஆம் ஆண்டுகளிலே சோதனை நிலையங்கள் கணினியால் இணைக்கப்பட்டன. முடிவுகள் ஒரே இடத்திலே பதிவாயின. விதி மாறும்போது விடுக்கும் சிறப்பறிவிப்பும் சோதகரின் திரைக்கே வந்து சேரலாயிற்று. 2012 அக்டோபரில் அரசாங்கத்தின் ஏடுகளையெல்லாம் ஒரே இணைய வாயிலிலே வைக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. அதற்கு வகுத்த கொள்கை எளியது: கற்றோர் வியக்க எழுத வேண்டாம்; எல்லோரும் புரிந்துகொள்ள எழுதுக. 1362இலே தொடங்கிய மொழிப் போரின் தொடர்ச்சியே அது. ஆங்கிலத்திலேயே இன்னொரு இலத்தீன் ஒளிந்திருந்தது. அதன் பெயர் அலுவலக நடை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், அரசின் இணைய ஏடுகள் பார்வை குன்றியோர்க்கும் பயன்படும்படி அமைய வேண்டும் என்று கட்டளையிட்டன. பக்கத்தைப் படமாக்கிக் கிடத்திவிட்டு, "வெளியிட்டுவிட்டோம்" என்று கைகழுவ இனி இயலாது. எழுத்தைப் பெரிதாக்கலாம், கருவியைக்கொண்டு குரலாகக் கேட்கலாம் என்றிருக்க வேண்டும்.

அந்த 2018ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சோதனை முறையே மாறியது. பழுதுகள் மூவகையாயின: உயிருக்கு உடனடி ஆபத்தானவை, பெரியவை, சிறியவை. முதலிரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தேறாது. இன்று அந்த நெறிநூலை எவரும், எந்த நாட்டிலிருந்தும், காசு கொடுக்காமல் இணையத்திலே படிக்கலாம். பிரேக்கு ஒரு பகுதி, ஸ்டியரிங் ஒரு பகுதி, விளக்கு ஒரு பகுதி என்று பிரித்திருக்கிறது. ஒவ்வொரு பழுதுக்கும் அது எவ்வகை என்று எதிரே எழுதியிருக்கிறது. எங்கே என்று தேட ஒரு சொல்லைத் தட்டினால் போதும். பட்டறையிலே வண்டிக்கடியில் நிற்பவர் தம் கைப்பேசியிலே பார்ப்பதும், வீட்டிலே வண்டிக்காரர் பார்ப்பதும் ஒரே ஏடு, ஒரே பக்கம், ஒரே எண். அரசனுக்கு ஓர் ஏடு, ஆண்டிக்கு ஓர் ஏடு என்று இல்லை.

இதனால் விளைந்தது என்ன? வண்டிக்குரியவர் சோதனையைக் காண்பதற்குப் பட்டறையிலே ஓர் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது விதி. வெறுமனே காண்பதால் என்ன பயன், காண்பது இன்னதென்று தெரியாவிட்டால்? நெறிநூலைப் படித்தவர் காணும்போதுதான் அந்தக் கண்ணுக்கு மதிப்பு. தீர்ப்பு தவறென்று கருதினால் 14 வேலை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை அந்தப் பழுதைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவே. அரசின் அதிகாரி வந்து மீண்டும் சோதிப்பார். எந்த வண்டியின் பதிவெண்ணையும் இணையத்திலே கொடுத்து, 2005 முதல் அது தேறியதையும் தவறியதையும், ஓடிய மைல் கணக்கையும் காணலாம். பழைய வண்டியைப் பளபளவென்று வர்ணம் பூசி விற்பவனின் வாய்ச்சாலம் அங்கே எடுபடாது.

ஆய்வாளருக்கோ இது இன்னும் பெரிய கவசம். ஒரு பக்கம் முதலாளி, "இன்னும் சில பழுது எழுது, வேலை வரட்டும்" என்று சாடை காட்டலாம். மறுபக்கம் வண்டிக்காரர், "நாளை வேலைக்குப் போக வேண்டும், கண்டுங்காணாமல் விடு" என்று கெஞ்சலாம். திறந்த ஏடு இல்லாத இடத்திலே, இருவருக்குமிடையே அந்தத் தொழிலாளி தனியாள்; அவர் சொல்லே அவருக்குச் சான்று. ஏடு திறந்திருக்கும்போதோ, "நான் சொல்லவில்லை ஐயா, இதோ எழுத்து, நீங்களே படியுங்கள்" என்று நிமிர்ந்து நிற்கலாம். நேர்மையாளனை வீரனாக இருக்கும்படி கட்டாயப்படுத்துவது நல்ல ஆட்சியன்று. சாதாரண மனிதனும் நேர்மையாக இருப்பதற்கு வேண்டிய துணையை அளிப்பதே நல்ல ஆட்சி.

பெரிய வண்டிகளின் உலகிலும் இதே நெறி பரவியிருக்கிறது. சாலையிலே லாரியை நிறுத்திச் சோதிக்கும் அரசு ஆய்வாளர், எந்தப் பழுதுக்கு வண்டியை அங்கேயே நிறுத்திவைப்பார், எதற்குக் காலக்கெடு தருவார் என்பதை விளக்கும் நூலும் பொதுவிலே வெளியிடப்பட்டிருக்கிறது. "தெரியாது" என்று சொல்ல முதலாளிக்கு இனி வழியில்லை. 2015 பிப்ரவரியிலே பாத் நகரின் செங்குத்தான தெருவிலே ஒரு டிப்பர் லாரி பிரேக்கு இழந்து பாய்ந்து, ஒரு குழந்தை உட்பட நால்வரைக் கொன்றது. நீதிமன்றம் விதியை நோகவில்லை. வண்டியைப் பேணத் தவறிய உரிமையாளரும் மெக்கானிக்கும் உயிர்க்கொலைக் குற்றவாளிகள் என்று 2016இலே தீர்ப்பாயிற்று. என்ன செய்ய வேண்டும் என்பது ஊரறிந்த ஏட்டிலே இருக்கும்போது, செய்யத் தவறியவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

மறுப்புரைப்போரும் உண்டு. "அரைகுறையாகப் படித்தவன் ஆய்வாளரோடு வீண்வாதம் செய்வான், வேலை கெடும், நூலை நிபுணரிடமே விட்டுவிடுங்கள்" என்பர். புதிய குரலா இது? வழக்குமன்றத்திலே ஆங்கிலம் வரக்கூடாது என்றவர்களின் பழைய குரல்தானே! நிபுணத்துவத்தை நாம் இகழவில்லை. பிரேக்கின் ஒலியைக் கேட்டே பழுதறியும் காது, ஏட்டைப் படிப்பதால் மட்டும் வந்துவிடாது. ஆனால் நிபுணன் வேறு, பூசாரி வேறு. "ஏன்?" என்று கேட்டால் காரணம் காட்டுபவன் நிபுணன். "கேட்காதே" என்பவன் பூசாரி. வெள்ளங்கி அணிந்தாலும் நீலச்சட்டை அணிந்தாலும் பூசாரி பூசாரிதான்.

ஆனால் ஏட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்து கூத்தாடவும் கூடாது. வண்டியைத் தொடாமலே சான்றிதழ் எழுதும் கயவர் அந்த நாட்டிலும் உண்டு, பிடிபடுவதும் உண்டு. திறந்த ஏடு கயவனைத் திருத்தாது. அவன் கயமையை அளந்து காட்ட மட்டுமே உதவும். மற்றொரு குறை, நல்லவரிடத்தும் உள்ளது. ஏடு எதிரே இருந்தும் புரட்டாத சோம்பல்! அது ஐந்தாவது பூட்டு. வெளியே இல்லை, உள்ளத்திலே இருப்பது. அதை உணர்ந்துதான் 2016 முதல், சோதகர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுத வேண்டும் என்று விதித்தனர். சோதிப்பவரும் சோதிக்கப்படுகிறார்! ஆண்டுதோறும் வண்டிக்குச் சோதனை என்றால், அதைச் சோதிக்கும் அறிவுக்கும் சோதனை வேண்டாமா?

டிபிள்ஸ் பாலத்திலே மாண்ட மாதருள் எவரும் பிரேக்கின் ஆற்றலை அளக்கக் கற்றவரல்லர். பயணி ஒருவர் அதைக் கற்றிருக்க வேண்டும் என்று சொல்வது அறிவுடைமையும் ஆகாது. அவர்கள் செய்தது ஒன்றே: நம்பி ஏறினார்கள். நாம் அனைவரும் நாள்தோறும் அதைத்தான் செய்கிறோம். முகம் அறியாத ஒருவர் அளந்திருப்பார், சரியாக அளந்திருப்பார் என்று நம்பியே பஸ்ஸிலே ஏறுகிறோம், பாலத்தைக் கடக்கிறோம், குழந்தையைப் பள்ளிவண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குருட்டுத்தனமாக இருக்கலாகாது; கண்டு தெளியத்தக்க ஏடாக இருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, எந்த விதியாயினும் மூன்று கேள்வி கேட்கப் பழகுவோம். அது எங்கே எழுதியிருக்கிறது? எனக்குப் புரியும் நடையிலே இருக்கிறதா? இன்று செல்லுபடியாகும் பக்கம் இதுதானா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது மனிதர் வகுத்த விதி, மதித்து நடப்போம். கிடைக்காவிட்டால், அலமாரியின் கதவைத் தட்டுவோம். ஏட்டை வெளியே எடுக்கச் சொல்லுவோம். எடுத்ததைப் படிப்போம், படித்ததைப் பிறர்க்கும் சொல்லுவோம். பூட்டிக் கிடக்கும் வரையில் அது தலைவிதி. திறந்து படித்த அன்றே அது சாலைவிதி!